இரண்டு அப்ரூவல் விதி வந்த பிறகு

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் எட்டுப் பேர். ஒரு வெள்ளிக்கிழமை ரிலீஸில், பேமெண்ட் சேவைக்குத் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டிய இடத்தில் ரூபாய்க் கணக்கிலேயே அனுப்பிவிட்டோம். 499 ரூபாய் பொருளுக்கு 4 ரூபாய் 99 பைசா பிடித்தது. ரிவ்யூவில், அதாவது எழுதாத ஒருவர் கோடைப் படித்துப் பார்க்கும் கட்டத்தில், ஒருவர் பார்த்து ஓகே சொன்ன மாற்றம்தான் அது. திங்கட்கிழமை புது விதி வந்தது: எந்த மாற்றமானாலும் இரண்டு பேர் அப்ரூவ் செய்ய வேண்டும், நடுவில் ஒரு கமிட் (பதிவு செய்த கோட் மாற்றம்) சேர்த்தாலும் பழைய அப்ரூவல் செல்லாது.

கூடுதலாக ஒருவர் உட்கார்ந்து படிக்கும் நேரம், அவ்வளவுதான் செலவு என்று நினைத்தோம். காத்திருப்புதான் எங்களைப் படுத்தி எடுத்தது. ஒரு பிழைச் செய்தியில் எழுத்துப்பிழை திருத்தினேன், ஒரே வரி. மதியம் ஒருவர் அப்ரூவ் செய்தார். இன்னொருவர் மறுநாள் லீவு. அதற்குள் வேறொரு மாற்றம் மெயினில் (எல்லோருக்கும் பொதுவான கோடில்) சேர்ந்து, என்னுடையதோடு மோதி கான்ஃப்ளிக்ட். அதைச் சரிசெய்ததும் கையிலிருந்த அப்ரூவலும் போயிற்று. மூன்று நாள்.

நாலு முறை இப்படிப் பட்ட பிறகு ஒரு வரிக்காகத் தனியாக யார் அனுப்புவார்கள்? "எப்படியும் காத்திருக்கணும், இதையும் சேர்த்துடலாம்" என்று மூட்டை கட்ட ஆரம்பித்தோம். 40 வரியில் வந்துகொண்டிருந்த புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) 900 வரியாக வந்தது. மேலோட்டமாக ஸ்க்ரோல் செய்துவிட்டு, இன்னொருத்தர் பார்ப்பார் என்ற தைரியத்தில் நானே பச்சை அப்ரூவ் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அவரும் அப்படியே நினைத்திருந்தார் என்பது பிறகு பேசும்போது தெரிந்தது. பயமாக இருந்தது.

இப்போது பணம், லாகின், டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோட்) ஃபோல்டர்களுக்கு மட்டும் இரண்டு பேர். மற்றதற்கு ஒருவர் போதும். பைசா கணக்குக்குத் தனியாக டெஸ்ட் எழுதிவிட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

—

நண்பரே, உங்களுக்கு எட்டுப் பேராவது இருக்கிறார்கள். நான் பராமரிக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்கு (யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கோட் தொகுப்பு) இரண்டே பேர், சம்பளமில்லாத வேலை. மற்றவர் பார்க்காமல் மெர்ஜ் (மெயினில் சேர்ப்பது) இல்லை என்று நாங்களே விதி வைத்தோம். அவருக்குக் குழந்தை பிறந்த மாதத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் 11 நாள் அப்படியே கிடந்தது. அவரைத் தொந்தரவு செய்யவும் மனம் வரவில்லை.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2021 மார்ச்சில் பிஎச்பி என்ற ப்ரோகிராமிங் மொழியின் சொந்த கிட் சர்வரில் (கோடையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இடம்), அதை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப், அதன் முக்கிய டெவலப்பர் நிகிதா போபோவ் பெயர்களில் யாரோ விஷமக் கமிட்களை நேரடியாக ஏற்றினார்கள். வருகிற கமிட்களை மற்றவர்கள் படித்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால்தான் சில மணி நேரத்தில் பிடிபட்டது.

ஆனால் 2024இல் எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் விவகாரத்தைப் பாருங்கள். பின்கதவை (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழியை) வைத்தவரே ரிலீஸ் செய்யும் பொறுப்பில் இருந்தவர். அதை உள்ளே இழுக்கும் ஸ்கிரிப்ட் கிட்டில் இல்லை, 5.6.0, 5.6.1 ரிலீஸ் டார்பால்களில்தான் (வெளியிடும் சுருக்கிய கோப்புகளில்) இருந்தது; கமிட்களைப் படிப்பவர் கண்ணில் படாது. தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற டெவலப்பர் தோண்டியதால் வெளியே வந்தது. அந்த ப்ராஜெக்ட்டைப் பல வருஷம் சுமந்தவர் தன்னால் முன்போல் முடியவில்லை என்று 2022லேயே வெளிப்படையாக எழுதியிருந்தார். அவருக்கு அன்று நம்பிக்கையான ஒரு துணை ஆள் கிடைத்திருக்க வேண்டும்.

எங்கள் லைப்ரரியில் இப்போது பாதுகாப்புத் திருத்தத்துக்கு 48 மணி நேரம்தான் காத்திருப்பு. பதில் வராவிட்டால் மெர்ஜ் செய்துவிட்டு, மற்றவர் வந்து படிக்கும்வரை அதற்கான இஷ்யூவை (பிழைப் பதிவை) மூடாமல் வைக்கிறோம்.