ஆப்பிரிக்காவுல பிள்ளைங்களுக்காகவும் அவங்கள வளக்குற பாட்டிங்களுக்காகவும் ஜெபிச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

நெல்லைக்காரி (கிசுமு, கென்யா):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், வேலை எல்லாம் முடிச்சு போனை கையில எடுக்குறதுக்குள்ள தூக்கம் வந்துடுது. நம்ம ஊர் சபைகள்ல "ஆப்பிரிக்காவில் உள்ள அநாதைப் பிள்ளைகளுக்காக"ன்னு ஒரு வரி வாசிப்பாங்க, ஆமென் சொல்லிட்டு அடுத்த குறிப்புக்குப் போயிடுவோம். வீட்டுக்காரர் வேலைக்காக விக்டோரியா ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். கென்யாவுலயே ஹெச்ஐவி அதிகமா இருக்குற பகுதி இதுதான், கிசுமு, சியாயா, ஹோமா பே எல்லாம். தொண்ணூறுகள்ல இங்க நடு வயசு ஆளுங்கதான் கொத்து கொத்தா செத்திருக்காங்க, மிச்சம் இருந்தது பாட்டியும் பேரப்பிள்ளைங்களும். இப்ப மருந்து இருக்கு, ஆனா பாட்டிங்க கைக்கு வந்து சேந்த பிள்ளைங்க இன்னும் பாட்டிங்க கிட்டதான் இருக்கு.

இங்க பக்கத்து சபையில பொம்பளைங்க புதன்கிழமை வீடு வீடா ஜெபத்துக்குப் போவாங்க, என்னையும் கூட்டிட்டுப் போறாங்க. வாசல்லயே "ப்வானா அசிஃபிவே"ம்பாங்க, உள்ள இருந்து "ஆமென்" வரும், நம்ம ஸ்தோத்திரம் மாதிரியேதான். அந்தக் குழுத் தலைவி ஒரு விஷயத்துல ரொம்ப கறார், போனதும் கண்ண மூட விட மாட்டாங்க. முதல்ல உக்காரணும், டீ குடிக்கணும், அப்புறம் அந்த வீட்டுப் பாட்டிகிட்ட "இன்னிக்கு கடவுள்கிட்ட என்ன சொல்லணும்?"னு கேக்கணும். அவங்க சொல்றத மட்டும்தான் ஜெபிக்கணும், நம்மளா எதையும் கூட்டிச் சேக்கக்கூடாது.

ஒரு வீட்டு வாசல்ல கொசுவலை மாதிரி ஒண்ண விரிச்சு ஓமெனா காயப்போட்டிருந்தாங்க, ஏரியில பிடிக்குற பொடி மீனு, பாக்க நெத்திலிக் கருவாடுதான். பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும், மூணு பேரப்பிள்ளைங்க. அதுல கடைக்குட்டிக்கு தினமும் மாத்திரை உண்டு. முன்னாடி சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுத்த சிரப்பு அவ்ளோ கசக்குமாம், வாயில ஊத்துனா துப்பிடும், அதை குளிர்ச்சியா வேற வெச்சிருக்கணும், கரண்டே இல்லாத வீட்டுல எங்க போய் வெக்கிறது. 2021 வாக்குல தண்ணியில கரையுற மாத்திரை வந்துச்சு, ஸ்ட்ராபெரி வாசனையோட, அதுக்கு அந்தப் பாட்டி ஒரு தனி நன்றி ஜெபமே வெச்சிருக்காங்க. ஆனா ஜெபத்துல மாத்திரைன்னு வாய விட்டுச் சொல்ல மாட்டாங்க, சுவர் மண் சுவர், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், அப்புறம் அந்தப் பிள்ளைகூட யாரும் விளையாட வர மாட்டாங்க. "சாயந்திரம் ஏழு மணி காரியத்த ஆசீர்வதியும்"னுதான் சொல்வாங்க.

அன்னிக்கு பாட்டி சொன்னது மூணு விஷயம். ஒண்ணு முட்டிவலி, தண்ணிக் குடம் தூக்க முடியல. ரெண்டாவது கிளினிக்க மூடிடக் கூடாது. 2025 ஜனவரியில அமெரிக்கா உதவிப் பணத்த திடீர்னு நிறுத்துனாங்க இல்ல, அப்ப இந்தப் பக்கம் என்ன பயம் பயந்தாங்க தெரியுமா, மருந்து கிடைக்குமா கிடைக்காதான்னே தெரியாம. மூணாவது, பெரிய பேத்தி ஃபார்ம் ஃபோர், அதாவது ஸ்கூல் கடைசி வகுப்பு, முடிக்குற வரைக்கும் தன்னை எடுத்துக்கக் கூடாது, அதுக்கப்புறம் எப்ப வேணாலும் கூப்பிடட்டும்னு கடவுளுக்கே கெடு வெச்சிருக்காங்க. முடிச்ச கையோட எனக்கு எத்தனை பிள்ளைன்னு கேட்டாங்க, ஒண்ணுன்னு சொன்னதும் பாவம்னு ஒரு பார்வ பாத்துட்டு என் தலையில கை வெச்சு லுவோ பாஷையில நீளமா ஜெபிச்சாங்க. கை ஃபுல்லா ஓமெனா வாசனை, நான் வேற அன்னிக்குதான் தலைக்குக் குளிச்சிட்டுப் போயிருந்தேன்.

இன்னொன்னும் சொல்லணும். செத்துப்போன அக்கா பிள்ளைங்கள வளக்குற சித்திங்க நிறைய பேரு மீன் விக்குறவங்க. மீன் வேணும்னா காசு மட்டும் குடுத்தா பத்தாது, படகுக்காரன் கூப்பிட்டா போகணும்ங்கிற ஒரு கேவலமான வழக்கம் இருக்கு, ஜபோயான்னு சொல்றாங்க. அந்த வீடுகள்ல யாரும் அதப் பத்தி எதுவும் கேக்குறதில்ல. தலைவி "கர்த்தாவே இவளுக்கு சொந்தப் படகு குடும்"னு மட்டும் ஜெபிப்பாங்க, எல்லாருக்கும் புரியும். நுடுரு பீச்ங்கிற இடத்துல பொம்பளைங்களே படகு வாங்கி ஆளு வெச்சு மீன் பிடிச்சாங்க, நல்லாப் போயிட்டிருந்துச்சு, 2020ல ஏரி பொங்கி அந்த ஊரே தண்ணிக்குள்ள போச்சு. இத வெச்சு நான் கடவுள்கிட்ட கொஞ்சம் சண்டை போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க. குறிப்பா ஆப்பிரிக்காவுல வேலை பாத்தவங்க.

ஓய்வு நர்ஸம்மா:

படிச்சேன் மா. பழசெல்லாம் கிளறி விட்டுட்ட. நான் எண்பதுகள் கடைசியில சாம்பியாவுக்குப் போனவ, தெற்குப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. அப்ப அங்க ஹெச்ஐவிக்கு மருந்தே கிடையாது, வாயில வெள்ளையா படிஞ்சா தடவ ஊதா மருந்து, வயித்துப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி, வலிக்கு ஏதாச்சும், அவ்ளோதான். வார்டு நிரம்பி தரையில பாய் போட்டுப் படுத்திருப்பாங்க. இரட்சணிய சேனையோட சிகன்காட்டா ஆஸ்பத்திரியில 1987லயே நோயாளிங்கள வீட்டுலயே போய்ப் பாக்குற முறைய ஆரம்பிச்சுட்டாங்க, நர்ஸு, கவுன்சிலர் எல்லாம் ஒரே வண்டியில போவாங்க. நாகர்கோவில்ல கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துறாங்களே, அதே சேனைதான். அதப் பாத்துதான் நாங்களும் கிராமத்துக்குக் கிளம்புனோம்.

ஒரு வீட்டுல தாய் படுக்கையில, பாத்துக்கிட்டது பத்து பதினோரு வயசுப் பொண்ணு. தகப்பன் ஏற்கெனவே போயாச்சு. அம்மாவ எப்படி ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், முதுகுல புண்ணு வராம எப்படித் துடைக்கணும்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தேன், நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஸ்டூடண்ட்ஸ விட சுத்தமா செஞ்சுச்சு. கிளம்பும்போது ஜெபிக்கலாம், உனக்கு என்ன வேணும்னு கேட்டோம். அம்மாவுக்கு சுகம்னு கேக்கும்னு நினைச்சோம். அது ரொம்ப நேரம் தரையப் பாத்துட்டு "நெட்பால் விளையாடணும்"னு சொல்லுச்சு. கூட வந்த சபைப் பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஜெபிச்சோம், நெட்பாலுக்காகத்தான். அடுத்த வாரத்துல இருந்து யூனிஃபார்ம் போட்ட ரெண்டு அம்மாங்க முறை வெச்சு சாயந்திரம் வந்து தாய் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க, பிள்ளை கிரவுண்டுக்கு ஓடிடும்.

தாய் பொழைக்கல. அரசாங்கம் மருந்த இலவசமா குடுக்க ஆரம்பிச்சதே 2005ல, அதுக்கு எவ்வளவோ வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. பிள்ளைய பெரியம்மா கூட்டிட்டுப் போனாங்க.

அன்பு ராஜன்:

ஆமென். ஜெபத்துல வெச்சுக்குறேன்.

சகோதரி, மலாவி:

நான் ஒரு கன்னியர் சபைல இருக்கேன், பிளான்டயர் பக்கம் பள்ளிக்கூட வேலை. நாங்க செபம்னு எழுதுவோம், கோச்சுக்காதீங்க.

2023 மார்ச்சுல ஃப்ரெடி புயல் வந்தப்ப ராத்திரி மலை சரிஞ்சு சிலோப்வே பக்கம் வீடுங்க அப்படியே மண்ணுக்குள்ள போயிருச்சு. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல இறந்துட்டாங்க, காணாமப் போனவங்களையும் சேத்து. பள்ளிக்கூடங்கள்தான் முகாம். வகுப்பறைல பெஞ்ச ஓரமா தள்ளிட்டு குடும்பம் குடும்பமா படுத்திருந்தாங்க. பகல்ல பிள்ளைங்க ஓடி ஆடி நல்லாத்தான் இருக்கும், ராத்திரி தகரத்துல நாலு தூறல் விழுந்தா போதும், ஒண்ணு எழுந்து உக்காரும், அதப் பாத்து அடுத்தது, கடைசியில அறையே உக்காந்திருக்கும்.

ஒரு பெண் அங்க தன் பிள்ளைங்க ரெண்டோட அண்ணன் பிள்ளைங்களையும் வெச்சிருந்தாங்க, அண்ணனும் அண்ணியும் மண்ணுல போயிட்டாங்க. அவங்க அழவே இல்ல, நேரமில்ல, பாத்திரம் தேடணும், வரிசைல நிக்கணும். நாங்க ராத்திரி செபமாலை சொல்லி முடிச்சதும் அண்ணன் மகன், ஆறு வயசு இருக்கும், "மலை அங்கயே இருக்கட்டும்"னு சொன்னான். மத்த பிள்ளைங்களும் சேர்ந்து சொன்னாங்க. அதுல இருந்து முகாம் கலையுற வரைக்கும் எங்க ராத்திரி செபம் அந்த வரிலதான் முடியும், எந்தப் புத்தகத்துலயும் இல்லாத மன்றாட்டு. காலைல மக்காச்சோளமும் சோயாவும் சேந்த கஞ்சி, லிக்குனி பாலான்னு பேரு, அத வாங்கும்போது "சிகோமோ"ன்னு, நன்றின்னு அர்த்தம், கத்துவாங்க பாருங்க, அப்ப மட்டும் மலை ஞாபகமே இருக்காது.

அந்த அம்மாவுக்காக யாரும் தனியா செபிக்கலன்னு எனக்கு ஒரு வாரம் கழிச்சுதான் உறைச்சது. எல்லாரும் பிள்ளைங்களத்தான் பாத்துட்டிருந்தோம்.

கேள்விக்காரன்:

தப்பா எடுத்துக்காதீங்க, நானும் கிறிஸ்தவன்தான். முட்டிவலிக்கு ஜெபம் பண்றதுக்குப் பதிலா தண்ணிக் குடத்த யாராவது தூக்கிக் குடுத்தா போதாதா? எங்க சபையில ஒரு ஆப்பிரிக்க அநாதை இல்லத்துக்கு மாசாமாசம் பணம் அனுப்புறாங்க, அதுதான் உருப்படியான வேலைன்னு எனக்குத் தோணுது.

நெல்லைக்காரி:

குடத்த இப்ப தூக்குறது எங்க தலைவியோட மகன் அண்ணே, பாட்டி கேட்ட அன்னிக்கே ஏற்பாடு பண்ணிட்டாங்க. கேட்டு ஜெபிக்கிறதுல இது ஒரு தொல்லை, கேட்டப்புறம் சும்மா இருக்க முடியாது.

நைரோபி தம்பி:

இல்லம் பத்தி கேட்டதால சொல்றேன், நான் இங்க குழந்தைகள் பாதுகாப்பு வேலையிலதான் இருக்கேன். உலகம் முழுக்க இல்லங்கள்ல இருக்குற பிள்ளைங்கள்ல நூத்துக்கு எண்பதுக்கு மேல பெத்தவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னுதான் பொதுவா கணக்கு சொல்றாங்க. வறுமையிலதான் கொண்டு வந்து விடுறாங்க, ஃபீஸ் கட்ட முடியல, சாப்பாடு இல்ல. வெளிநாட்டுப் பணம் இல்லத்துக்கு வருது, பாட்டிக்கு வரல, அப்ப பிள்ளை எங்க போகும் சொல்லுங்க. கென்யா அரசாங்கம் 2017லயே புது இல்லங்களுக்கு பதிவு குடுக்குறத நிறுத்திடுச்சு, 2022ல புதுச் சட்டம், பத்து வருஷத் திட்டம் எல்லாம் வந்தாச்சு, பிள்ளைங்கள குடும்பத்துக்கே திருப்பி அனுப்பணும்னு.

எல்லா இல்லமும் மோசம்னு சொல்ல வரல. கிட்டுயில நியும்பானி வில்லேஜ்னு ஒண்ணு இருக்கு, டகோஸ்டினோன்னு ஒரு இயேசு சபைக் குரு, டாக்டரும் கூட, அவர் 1992ல நைரோபியில ஹெச்ஐவி பிள்ளைங்களுக்கு இல்லம் தொடங்குனவரு, பிற்பாடு இந்த கிராமத்தையும் அவர்தான் ஆரம்பிச்சாரு. அங்க ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டி இல்லன்னா ஒரு தாத்தா, அவங்க கூட அவங்க சொந்தப் பேரப்பிள்ளைங்களும் மத்த பிள்ளைங்களுமா பத்து பேர் வரைக்கும். பாட்டிய சூசூன்னு கூப்பிடுவாங்க. பெரியவங்களையும் சேத்து யோசிச்ச இடம் அது.

ஆனா நான் போன ஒரு இல்லத்துல, பேர் வேண்டாம், வெள்ளைக்காரங்க வேன் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிள்ளைங்க தானா வரிசையா நின்னு பாட்டு ஆரம்பிச்சிருச்சு, முகத்துல ஒண்ணுமில்ல. வந்தவங்க கண்ணீரோட ஜெபிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தனோட பாட்டி அங்க இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரத் தூரத்துலதான் இருந்தாங்க, நாங்க தேடிப் பிடிச்சோம். எங்க டீம்ல ஒரு அக்கா ஒவ்வொரு ஃபைலையும் திறக்குறதுக்கு முன்னாடி ஜெபிப்பாங்க, "ஆண்டவரே ஒரு சொந்தக்காரங்க போன் நம்பர் கிடைக்கணும்", அவ்ளோதான் ஜெபம்.

கேள்விக்காரன்:

சரி, இது எனக்குத் தெரியாது. கமிட்டியில கேக்குறேன், பணம் எங்க போகுதுன்னு. பதில் வருமான்னு தெரியல.

நாசரேத் அக்கா:

நல்லா இருக்கு எல்லாரும் எழுதுனது. 2026 மார்ச் உலக ஜெப தினம் நைஜீரியா சகோதரிகள் தயாரிச்சதுதான, "இளைப்பாறுதல் தருவேன், வாருங்கள்"ங்கிற தலைப்பு, பாரம் சுமக்குற அம்மாங்களப் பத்தி, எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துல அத வெச்சு ஜெபிச்சோம், அதோட விட்டுட்டோம், இப்ப மாசாமாசம் தொடரலாம்னு பேச்சு. நெல்லைக்காரி, அந்தப் பாட்டிங்க பேரு, பிள்ளைங்க போட்டோ அனுப்புனா திரையில போட்டு ஜெபிப்போம்.

நெல்லைக்காரி:

அக்கா பேரும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம், கோச்சுக்காதீங்க, மேல சொன்னேன்ல ஏழு மணி காரியம்னு, ஒரு போட்டோ போதும் இங்க சுத்தி வந்துரும். "ஓமெனா காயப்போடுற பாட்டி"ன்னு சொல்லுங்க, போதும். இப்போதைக்கு கேட்டு வாங்குன குறிப்பு இவ்ளோதான்: ஜனவரியில ஸ்கூல் திறக்கும்போது பெரிய பேத்திக்கு ஃபீஸ் தயாரா இருக்கணும், கிளினிக்குல ஒரே தடவையில மூணு மாசத்து மாத்திரை குடுக்கணும், மாசாமாசம் நடக்க முட்டி ஒத்துழைக்கல, அப்புறம் மூணாவது வீட்டு சித்திக்கு படகு. பாட்டி என்கிட்ட உங்க ஊர்ல பொம்பளைங்க எதுக்காக கஷ்டப்படுறாங்கன்னு கேட்டாங்க, அவங்களும் ஜெபிக்கணுமாம், சங்கத்துல கேட்டு நாலு குறிப்பு எழுதி அனுப்புங்க, நான் தலைவிகிட்ட சுவாஹிலியில சொல்லிடுறேன். நாங்க புதன் காலையில 11 மணிக்குக் கிளம்புவோம், உங்களுக்கு அப்ப மதியம் ஒன்றரை.