கார்பன் கிரெடிட் வாங்கினால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி:
வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனம் விரைவில் ‘நெட் ஜீரோ’ (காற்றில் வெளியிடுவதும் காற்றிலிருந்து நீக்குவதும் சமமாகி, நிகர உமிழ்வு பூஜ்யமாகும் நிலை) என்று அறிவிக்க விரும்புகிறது. அதற்கென வகுத்துள்ள திட்டத்தின் பெரும்பகுதி, காடு வளர்ப்போரிடமிருந்து கார்பன் கிரெடிட், அதாவது அவர்களின் மரங்கள் உறிஞ்சும் கார்பனுக்கான சான்றை, வாங்குவதுதான். எங்கள் மின்சாரம், கொள்முதல் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஊழியர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இது போதாது என்றே எனக்குப் படுகிறது. எந்த அடிப்படையில் எடுத்துரைக்கலாம் என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1:
முதலில் முழுக் கணக்கைக் கேளுங்கள். 2001-இல் வெளியான ‘ஜிஹெச்ஜி புரோட்டோகால்’ என்னும் உமிழ்வுக் கணக்கீட்டு நெறிமுறை, நிறுவனத்தால் வெளியாகும் வெப்பமூட்டும் வாயுக்களை, அதாவது உமிழ்வை, மூன்றாகப் பிரிக்கிறது: நிறுவனத்திலிருந்து நேரடியாக வெளியாவது, வாங்கும் மின்சாரத்தால் நேர்வது, மூலப்பொருள் கொள்முதலில் தொடங்கி விற்ற பொருளின் பயன்பாடு வரை நீள்வது. பெரும்பாலான நிறுவனங்களில் மூன்றாவதே மிகப் பெரியது; கணக்கில் எளிதாக விடுபட்டுப்போவதும் அதுவே. முதல் வகையிலும் கண்ணில் படாத ஒன்று உண்டு. ஏசி இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுகளில் புவியை வெப்பமாக்கும் அளவில் அது ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய இயந்திரத்துக்கு மீண்டும் ‘கேஸ் நிரப்பப்பட்டது’ என்று பராமரிப்புப் பதிவேட்டில் எழுதியிருந்தால், முன்பு நிரப்பியது காற்றில் கலந்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பதில் 2:
கிரெடிட்டைப் பற்றி நேரடியாகச் சொல்கிறேன். நிறுவனங்களின் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளுக்குத் தரநிலை வகுக்கும் எஸ்பிடிஐ அமைப்பு 2021-இல் வெளியிட்ட நெட் ஜீரோ தரநிலையின்படி, பெரும்பாலான நிறுவனங்கள் தம் உமிழ்வை 2050-க்குள் 90 விழுக்காடாவது குறைத்தாக வேண்டும். எஞ்சுவதை மட்டுமே காற்றிலிருந்து நீக்கி ஈடுசெய்யலாம். 2022-இல் ஐ.நா. நிபுணர் குழுவும், இடைக்கால இலக்குகளில் குறைப்புக்குப் பதிலாகக் கிரெடிட்டைக் காட்டக் கூடாது என்றது. காரணம் எளிது: நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளியாகும் கார்பனில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்கும், அதற்கு ஈடாகக் காட்டிய காடோ ஒரே கோடையில் எரிந்துபோகலாம்.

பதில் 3:
அதற்காகக் காடுகளுக்குப் பணமே தரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தரட்டும், ஆனால் அதைத் தம் உமிழ்வுக் கணக்கில் கழிக்காமல் நன்கொடையாக எழுதட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்றாவது வகையைக் குறைக்கிறோம் என்று சிறு சப்ளையர்களிடம் படிவங்களை மட்டும் அனுப்பி நெருக்குவது நியாயமல்ல. அவர்கள் இயந்திரங்களை மாற்ற முன்பணமும் நீண்டகால ஒப்பந்தமும் கொடுத்தால்தான் குறைப்பு உண்மையில் நடக்கும். உங்கள் கருத்துரையில், கிரெடிட்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை இதற்குத் திருப்பும்படி கேளுங்கள்.