காய்ச்சல் மருந்தும் ஆறு அசையும்

டொராண்டோ வந்த இரண்டாவது வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்துக் கடையில் போய் பாராசிட்டமால் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் விழித்தார். இங்கே அதே மருந்துக்கு வேறு பெயர். போனில் தேடி எடுத்து, “அசிட்டாமினோஃபென்” என்று எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் படித்தேன். ம்ஹூம். கடைசியில் போனையே திருப்பிக் காட்டினேன். “ஓ!” என்றவர் சொன்னது: அ-ஸீ-ட-மி-ன-ஃபன். ‘மி’ மட்டும் எழும்பி நின்றது, மற்றதெல்லாம் அடங்கிக் கிடந்தது.

புதிதாக வந்தவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். நாம் தமிழில் பேசும்போது எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுப்போம். ஆங்கிலத்தில் நீளமான சொல்லில் ஒரு இடத்தில்தான் பெரிய அழுத்தம் விழும். கேட்பவரின் காது அந்த இடத்தைத்தான் தேடும்.

முதலில் அசையை எண்ணுங்கள். எழுத்தைப் பார்க்காதீர்கள், காதில் விழும் உயிர் ஒலியைப் பாருங்கள். வெஜிடபிள் என்று நாம் நான்காகச் சொல்வது அவர்கள் வாயில் மூன்றுதான்: வெஜ்-ட-பிள். (பள்ளியில் படித்த நேரசை, நிரையசையை இங்கே கொண்டு வராதீர்கள். ‘வரி’ நமக்கு ஒரே அசை, இந்தக் கணக்கில் இரண்டு.)

அப்புறம் அழுத்தம். ‘ஷன்’ என்று முடியும் சொல்லா? அதற்கு முந்தைய அசையில் அழுத்துங்கள்: அப்ளிகேஷனில் ‘கே’, பிரிஸ்கிரிப்ஷனில் ‘ஸ்கிரிப்’. ‘இக்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஆனால் குடும்பச் சொற்கள் ஏமாற்றும். ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபரில் இரண்டாவது. சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், அதை அடுத்து வரும் அசைதான் அழுத்தம்.

நீளச் சொல்லை வாலிலிருந்து பழகுவது எனக்கு உதவியது: ஃபன், ன-ஃபன், மி-ன-ஃபன், ட-மி-ன-ஃபன்... ‘மி’ வரும்போது மேசையில் ஒரு தட்டு. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மருந்துப் பெயருக்கும் முன்னால் உங்கள் ஊர்ப் பெயரைப் பழகிவிடுங்கள்; அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தால் அதையும் கேட்பார்கள். மிஸிஸாகா என்றால் ‘ஸா’வில் அழுத்தம். எட்டோபிக்கோ என்றால் ‘டோ’வில், ஆங்கில எழுத்தில் (Etobicoke) கடைசியாக நிற்கும் ‘ke’யை யாரும் சொல்வதில்லை.