பிரதர்ஸ் கீப்பர்: லைமன் நடுங்கிய அந்த நிமிடம்

செல்வி மதுரை:
'பிரதர்ஸ் கீப்பர்' ஆவணப்படத்தில் வரும் வார்டு சகோதரர்கள் கதை உங்களுக்குத் தெரியும், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலக் கிராமம் ஒன்றில் ஒரே வீட்டில் வாழ்ந்த நாலு விவசாயிகள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாட்சிக் கூண்டில் லைமன் நடுங்குவது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு அண்ணன் வில்லியம் செத்துவிட்டார், அவரைக் கொன்றதாகத் தம்பி டெல்பர்ட் மேல் பழி. நடுவில் இவர். உடம்பே உதறுகிறது. என் பெரியப்பா வாய்க்கால் தகராறில் சாட்சி சொல்லப் போன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தக் கை ஞாபகம் வந்து, படத்தை நிறுத்திவிட்டு அழுதேன்.

குமரன்:
எனக்கு உறுத்துவது ஊர்தான். அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்தில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரான மன்ஸ்வில் வரை காரில் போனேன். காபி குடித்த இடத்தில் ஒரு பெரியவரிடம் வார்டு வீட்டைப் பற்றிக் கேட்டேன். அதுவரை பயிர், பனி என்று பேசிக்கொண்டிருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதில் இல்லை. டெல்பர்ட்டின் ஜாமீனுக்கு 10,000 டாலர் திரட்டிய ஊர் அது. அதற்கு முன்னால் அந்த நாலு பேர் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? வெளியிலிருந்து போலீஸ் வந்த பிறகுதான் அவர்கள் 'நம்ம ஆட்கள்' ஆனார்கள். இதைப் பாசம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வக்கீல் ராமநாதன்:
குமரன், ஊரைக் குறை சொல்லாதீர்கள். டெல்பர்ட் சரியாக எழுதப் படிக்கத் தெரியாத 59 வயது மனிதர், பக்கத்தில் வக்கீல் இல்லாமல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊர் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் 1991 ஏப்ரலில் விடுதலை கிடைத்திருக்குமா? என் கட்சிக்காரர் ஒருவர் "சார், வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாங்க, கைநாட்டு வச்சேன்" என்றார். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, புதியதில் 23. ஆனால் அதை வைத்து ஏதாவது பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்குச் செல்லும், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். விசாரணையில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளலாம், அதில் கையெழுத்து வாங்கக் கூடாது. வெள்ளைத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். கைதானால் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

குமரன்:
சார், நான் சட்டம் கேட்கவில்லை. தீர்ப்பு தப்பு என்றும் சொல்லவில்லை. விடுதலையானதில் எனக்கும் சந்தோஷம்தான்.

மீனாட்சி:
டெல்பர்ட்டும் வில்லியமும் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். கொன்றாரா இல்லையா என்று நீங்கள் பேசுகிறீர்கள், ஊர் நல்லதா கெட்டதா என்று பேசுகிறீர்கள். விடுதலையாகி வந்த அன்று ராத்திரி அந்தக் கட்டிலில் அவர் எந்தப் பக்கம் படுத்திருப்பார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அக்கா போன வருடம் ராத்திரி தூக்கத்திலேயே போனாள். அவள் பக்கத்தில்தான் நானும் படுத்திருந்தேன்.