மறு: ஒரே ஒருவருக்கு நடத்தும் கதையாட்டம், என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். கதையாட்டம் என்று நான் சொல்வது ரோல்பிளேயிங் கேமை: நடத்துநர் கதைச்சூழலைச் சொல்ல, ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது.

'தனியாட்டம்' என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாட்டம் என்றால் சோலோ, அது வேறு. அதில் நடத்துநரே கிடையாது, ஆடுபவரே பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து அடுத்து என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துக்கொள்வார். நாம் பெயர் தேடுவது டூயட் என்கிறார்களே, அதற்கு: மேசைக்கு இந்தப் பக்கம் நடத்துநர், அந்தப் பக்கம் ஒரே ஓர் ஆட்டக்காரர். 2018இல் வந்த அயர்ன்ஸ்வோர்ன் என்ற கதையாட்டத்தை இரண்டு விதமாகவும் ஆடலாம். அதன் விதிகளைத் தமிழில் விளக்க உட்கார்ந்தால், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட நகராது.

'இரட்டையர் ஆட்டம்' என்றால் டென்னிஸ்தான் நினைவுக்கு வரும், அதுவும் இருவரும் ஒரே அணியில். 'இணையாட்டம்' பார்க்க அழகு, ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இணைய ஆட்டம் என்றே காதில் விழும். 'இருவர் ஆட்டம்' கிட்டத்தட்ட சரி. சிக்கல் என்னவென்றால் இந்த ஆட்டங்களில் நடத்துநரைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நாலு பேர் ஆட்டம் என்றால் மேசையில் ஐந்து பேர்.

தனிச்சொல் எதற்கு என்று கேட்டவருக்கு: ஆள் குறைந்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. என் தங்கைக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தை நடத்தியபோது மூன்றாம் நாளே அவள் பாத்திரம் மயங்கி விழுந்தது. நாலு பேர் இருந்தால் யாராவது தூக்கிவிடுவார்கள், இங்கே கதை அங்கேயே நின்றுபோனது. அதோடு, மற்றவர்கள் பேசும் நேரத்தில் அடுத்த காட்சியை யோசிக்கலாம் என்ற வசதியும் எனக்கு இல்லை, இரண்டு மணி நேரம் நாங்கள் இருவர் மட்டுமே மாறி மாறிப் பேசினோம். ஆனால் அவள் பாத்திரத்தின் அம்மாவைப் பற்றி அன்று பேசிய அளவுக்குப் பெரிய குழுவில் பேச இடமே கிடைத்திருக்காது. அதனால்தான் இந்த வகைமேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு.

இதற்கென்றே விதிகளும் இருக்கின்றன. 2014இல் வந்த ஸ்கார்லெட் ஹீரோஸில், அடி எவ்வளவு பலம் என்று காட்டும் சேதப் பகடையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை: 1 விழுந்தால் சேதம் இல்லை, 2 முதல் 5 வரை ஒன்று, 6 முதல் 9 வரை இரண்டு, 10 அல்லது அதற்கு மேல் போனால் நான்கு. ஒற்றை ஆள் தாக்குப்பிடிக்க இது போதும். 2019இன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எசென்ஷியல்ஸ் கிட் என்ற தொடக்கப் பெட்டியில் வேறு வழி, நாயகரோடு ஒரு துணைப்பாத்திரத்தையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, என் பரிந்துரை: ஈராள் கதையாட்டம். ஈராண்டு, ஈருருளி போல இரண்டு என்பது உயிரெழுத்துக்கு முன் ஈர் ஆகிறது. 'ஆள்' என்பது மேசையில் உட்கார்ந்திருக்கும் மொத்தத் தலைகளையும் எண்ணுகிறது, ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. அப்புறம் சோலோவுக்கு 'ஓராள் கதையாட்டம்' தானாகவே கிடைத்துவிடுகிறது. ஓராள் நாடகம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், எனவே காதுக்கும் புதிதல்ல. சேர்த்து எழுதினால் ஈராட்கதையாட்டம் என்று புணரும், பிரித்தே எழுதலாம்.

எசென்ஷியல்ஸ் கிட்டில் வரும் அந்தத் துணைப்பாத்திரத்துக்கு 'பக்கத்துணை' சரிவருமா, 'கூட்டாளி' போதுமா? கூட்டாளி என்றால் சமமானவர் போல ஒலிப்பதால் நான் பக்கத்துணை பக்கம். இலங்கை நண்பர்கள் அங்கே எது இயல்பாக இருக்கும் என்று எழுதுங்கள்.