கலைச்சொல்: ஸ்லாக், காம்ப்ளிமென்டரி ஸ்லாக்னஸ் – ‘தளர்வு’ வேண்டாம், ‘மிச்சம்’ பொருந்துமா?

மதுரை, கல்லூரிக் கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

உகப்பாக்கப் பாடத்துக்கான கலைச்சொல் பட்டியலில் நேரியல் திட்டமிடல் (நேர்கோட்டுக் கட்டுப்பாடுகளுக்குள் லாபத்தைப் பெரிதாக்குவது அல்லது செலவைச் சிறிதாக்குவது) பகுதி பெரும்பாலும் முடிந்துவிட்டது. குறிக்கோள் சார்பு, கட்டுப்பாடு, ஏற்புடைய பகுதி, உகந்த தீர்வு ஆகியவற்றில் யாருக்கும் மறுப்பில்லை. ‘நிரலாக்கம்’ என்று இருந்த இடங்களையும் ‘திட்டமிடல்’ என்று மாற்றியாயிற்று. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் அமெரிக்க விமானப்படைக்காக, இக்கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை உருவாக்கிய காலத்தில் ‘ப்ரோகிராம்’ என்றாலே பயிற்சிக்கும் தளவாடத்துக்கும் போடும் திட்டம்தான். எஞ்சியிருப்பவை ‘ஸ்லாக்’ (ஒரு வரம்பில் பயன்படாமல் நிற்கும் அளவு), ‘காம்ப்ளிமென்டரி ஸ்லாக்னஸ்’ (உகந்த தீர்வில் அந்த அளவையும் அந்த வளத்தின் விலையையும் பெருக்கினால் சுழியம் என்ற நிபந்தனை) என்ற இரண்டும். பட்டியலில் இப்போது ‘தளர்வு மாறி’, ‘நிரப்புத் தளர்வு’ என்று இருக்கின்றன. மாணவர்கள் தடுக்கி விழும் இடங்களைப் பார்த்தால் இவை உதவவில்லை என்றே சொல்வேன்.

ஒரு தச்சுப்பட்டறைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மேசை ஒன்றுக்கு லாபம் 600 ரூபாய், நாற்காலிக்கு 400. மேசைக்கு 4 பலகை, 2 மணி நேர வேலை, 1 லிட்டர் வார்னிஷ் தேவை. நாற்காலிக்கு 2 பலகை, 3 மணி நேரம், 1 லிட்டர். கையில் 80 பலகை, 60 மணி நேரம், 30 லிட்டர் வார்னிஷ் உள்ளன.

4மே + 2நா ≤ 80
2மே + 3நா ≤ 60
மே + நா ≤ 30

ஒவ்வொரு சமனிலியிலும் ஒரு மாறியைக் கூட்டிச் சமன்பாடாக்குகிறோம். மாணவர்கள் அதை இயந்திரம் போலச் செய்துவிடுவார்கள். அந்த மாறி எது என்று கேட்டால் பதில் வராது. பலகையின் மிச்சம், நேரத்தின் மிச்சம், வார்னிஷின் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்து வரும் விகிதச் சோதனை (எந்த வளம் முதலில் தீரும் என்று வகுத்துப் பார்ப்பது) தானாகவே விளங்கிவிடும். முதலில் எதுவும் செய்யவில்லை, ஆகவே மிச்சம் 80, 60, 30. மேசையை உள்ளே கொண்டுவந்தால் பலகை 80/4 = 20 மேசைக்கு வரும், நேரம் 30-க்கு, வார்னிஷ் 30-க்கு. முதலில் தீர்ந்துபோவது பலகை, வெளியேறுவது பலகை மிச்சம். பிறகு நாற்காலி: அதன் நிரலில் 1/2, 2, 1/2, வலப்பக்கம் 20, 20, 10, விகிதங்கள் 40, 10, 20. இப்போது நேரம் தீர்கிறது. இரண்டே சுற்றில் 15 மேசை, 10 நாற்காலி, லாபம் 13,000.

விகிதச் சோதனையில் எதிர்ம எண்ணாலும் வகுத்து, கிடைத்ததில் சிறியதைத் தேர்ந்தெடுப்பது தேர்வுத்தாள்களில் ஓயாமல் வரும் பிழை. ‘எதிர்ம எண்ணை விட்டுவிடு’ என்ற விதியை மனப்பாடம் செய்தவர்தான் பதற்றத்தில் அதை மறக்கிறார். நிரலில் எதிர்ம எண் இருந்தால் உள்ளே வரும் மாறி கூடக்கூட அந்த வரிசையின் மாறியும் கூடுகிறது. கூடுவது தீராது, எனவே விகிதம் எடுக்க அங்கே ஒன்றுமில்லை. ‘மிச்சம்’ என்று பழகியவருக்கு இதைத் தனி விதியாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘தளர்வு’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழு எண் திட்டமிடலில் ‘முழு எண்ணாக இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தளர்த்தித் தீர்க்கிறோம். அங்கே ‘தளர்த்தல்’ தவிர வேறு சொல் கிடையாது. ஒரே பாடத்தில் தளர்வும் தளர்த்தலும் வெவ்வேறு பொருளில் வந்தால் குழப்பம் தீராது. ‘மீதி’ வகுத்தலில் போய்விட்டது. ‘எச்சம்’ கலப்பெண் பகுப்பாய்விலும் புள்ளியியலிலும் இருக்கிறது. ‘மிச்சம்’ யாரும் எடுக்காத சொல்.

அன்புடன்.

சென்னை, பட்டியல் தொகுப்பாளர்:

அம்மா, ‘தளர்வு’ பற்றிய உங்கள் தடை சரியே. ‘மிச்சம்’ குறித்து இரண்டு ஐயங்கள்.

முதலாவது, ‘குறைந்தது இவ்வளவு வேண்டும்’ என்ற கட்டுப்பாட்டில் மிச்சம் ஏது? இரண்டாவது, நேரியல் அல்லாத கணக்குகளிலும் இதே காம்ப்ளிமென்டரி ஸ்லாக்னஸ் நிபந்தனை வருகிறது. 1951-இல் குன், டக்கர் இருவரும் வெளியிட்டதும், அதற்கு முன்பே 1939-இல் கரூஷ் தம் முதுகலை ஆய்வேட்டில் எழுதியிருந்ததும் அதுதான். அங்கே பலகையும் வார்னிஷும் கிடையா. வளப் பங்கீட்டுக்கு மட்டும் பொருந்துகிற சொல்லைப் பட்டியலில் ஏற்ற முடியாது.

‘நிரப்பு’ என்பதை மாற்ற எனக்கு மனமில்லை. நிரப்புக் கோணம், நிரப்புக் கணம் என்று பள்ளியிலேயே வேரூன்றிய சொல் அது.

கோயம்புத்தூர், ஆலை உற்பத்தித் திட்டப் பிரிவு:

> வளப் பங்கீட்டுக்கு மட்டும் பொருந்துகிற சொல்லைப் பட்டியலில் ஏற்ற முடியாது

ஐயா, வலப்பக்கம் இருக்கும் வரம்பிலிருந்து இடப்பக்கத்தின் மதிப்பைக் கழித்தால் வருவது எந்தக் கணக்கிலும் மிச்சம்தான். இடப்பக்கம் வளைகோடாக இருந்தால் என்ன? வரம்பில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதே கேள்வி.

எனக்கு முக்கியமாகப் படுவது நிழல் விலை, அதாவது ஒரு வளம் ஓர் அலகு கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்பது. மேலே உள்ள கணக்கின் கடைசிச் சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் பலகை மிச்சத்தின் நிரலுக்குக் கீழே 125, நேர மிச்சத்துக்குக் கீழே 50, வார்னிஷுக்குக் கீழே 0 வரும். சில புத்தகங்கள் கழிக்கும் வரிசையை மாற்றிப் போடுவதால் அங்கே −125, −50 என்று இருக்கும், பொருள் ஒன்றே. 80 × 125 + 60 × 50 = 13,000. லாபமும் அதே 13,000. புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கே இரண்டு எண்களை மாற்றிப் படிக்கிறார்கள். வலப்பக்க நிரலில் வார்னிஷ் மிச்சத்துக்கு நேரே இருக்கும் 5 என்பது லிட்டர். அதே மிச்சத்தின் நிரலுக்கு அடியில் இருக்கும் 0 என்பது ஒரு லிட்டருக்கு ரூபாய். அலகை எழுதச் சொன்னால் இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும். பட்டியலில் சொல்லோடு அலகும் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

நிழல் விலை எதுவரை செல்லும் என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடினால் 50 ரூபாய் என்றதும் 100 மணி நேரம் கூட்டினால் 5,000 என்று போட்டுவிடுகிறார்கள். பலகையையும் வார்னிஷையும் அப்படியே வைத்து நேரத்தை மட்டும் மாற்றினால் இந்த 50 செல்லுபடியாவது 40 மணியிலிருந்து 80 மணி வரைதான். 80-இல் 10 மேசை, 20 நாற்காலி, லாபம் 14,000. அங்கே வார்னிஷும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் ஆளை வைத்தாலும் லாபம் ஒரு ரூபாய் ஏறாது.

இந்த விலைகளின் இன்னொரு பயன், புதுப் பொருளைச் சேர்க்கலாமா என்று கணக்கை மறுபடி போடாமலே பார்ப்பது. முக்காலிக்கு 2 பலகை, 1 மணி நேரம், 1 லிட்டர், லாபம் 280 என்றால், அது தின்னும் வளத்தின் மதிப்பு 250 + 50 + 0 = 300. செய்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் இழப்பு, ஆகவே வேண்டாம். லாபம் 300-ஐத் தாண்டினால் யோசிக்கலாம்.

யாழ்ப்பாணம், கணித விரிவுரையாளர்:

வணக்கம். கோவை ஐயா காட்டிய 80 மணி என்ற புள்ளியிலேயே ‘நிரப்பு’ உடைந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும்.

நிபந்தனை சொல்வது இதுதான்: மிச்சத்தையும் விலையையும் பெருக்கினால் சுழியம். மிச்சம் இருந்தால் விலை இல்லை, விலை இருந்தால் மிச்சம் இல்லை. இரண்டும் சேர்ந்தே சுழியமாக இருப்பதை அது தடுக்கவில்லை. நிரப்புக் கோணங்கள் கூடினால் 90 பாகை. ஒரு கணமும் அதன் நிரப்பியும் சேர்ந்தால் அனைத்துக் கணம். பள்ளியில் ‘நிரப்பு’ என்று படித்த பிள்ளைக்கு ‘இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும், இரண்டும் சேர்ந்து முழுமையாகும்’ என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. அதனால் மிச்சம் சுழியம் என்று கண்டதும் ‘அப்படியானால் விலை நேர் எண்’ என்று எழுதிவிடுகிறார்கள். விடைத்தாளில் இது மெத்தச் சாதாரணமாக வரும் தவறு.

80 மணியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்று கோடுகளும் ஒரே மூலையில் சந்திக்கின்றன. பலகை, நேரம், வார்னிஷ் மூன்றிலும் மிச்சம் சுழியம். விலைகளாக 125, 50, 0 என்று எடுத்தால் 80 × 125 + 80 × 50 = 14,000. 100, 0, 200 என்று எடுத்தால் 80 × 100 + 30 × 200, அதுவும் 14,000. இரண்டும் சரியான விடைகளே. முதல் விடையில் வார்னிஷுக்கு மிச்சமும் சுழியம், விலையும் சுழியம். இரண்டாவதில் நேரத்துக்கு அப்படி. நேரத்தை ஒரு மணி குறைத்தால் 50 ரூபாய் போகும், ஒரு மணி கூட்டினால் எதுவும் வராது. மென்பொருள் இவற்றில் ஒன்றை மட்டும் அச்சிட்டுத் தரும். மாணவர் அதையே ஒரே விலை என்று நம்பி அறிக்கை எழுதுவார்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் ‘இரண்டும் சேர்ந்து இராது’ என்று மட்டும் சொல்ல வேணும். நிகழ்தகவில் அந்தக் கருத்துக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’, இங்கே ‘தம்முள் புறநீங்கும் நிகழ்ச்சிகள்’. இரண்டு நிகழ்ச்சிகளும் சேர்ந்து நடக்கா, ஆனால் இரண்டுமே நடக்காமல் போகலாம். நமது நிபந்தனையின் உருவம் அச்சொட்டாக அதுவே.

ஒரு திருத்தம் மட்டும். நேரியல் அல்லாத கணக்கில் ‘விலை’ என்ற சொல் ஒட்டாத இடங்கள் உண்டு. அங்கே லக்ராஞ்சிப் பெருக்கி (ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் விலையின் இடத்தில் வரும் எண்) என்றே வழங்கட்டும்.

மதுரை, கல்லூரிக் கணித ஆசிரியை:

யாழ்ப்பாணத்து ஐயாவின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. ‘மிச்ச விலக்கு நிபந்தனை’ என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். வரிவிலக்கு, மதுவிலக்கு என்ற பழக்கத்தில் அதை ‘மிச்சத்துக்கு விலக்கு அளிப்பது’ என்று படித்துவிடுவார்கள். எனவே முதல்முறை வரும் இடத்தில் ‘மிச்சமும் விலையும் ஒன்றையொன்று விலக்கும் நிபந்தனை’ என்று முழுதாகவும், பிறகு ‘மிச்ச-விலை விலக்கல்’ என்றும் வைக்கலாம். பெருக்கி வருமிடத்தில் ‘மிச்ச-பெருக்கி விலக்கல்’. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒன்றாவது நேர் எண்ணாக அமையும் தீர்வைக் ‘கண்டிப்பான விலக்கல்’ என்போம். 80 மணிக் கணக்கில் இரண்டு விடைகளின் நடுவே 112.50, 25, 100 என்று எடுத்தால் அப்படி அமைகிறது. உகந்த தீர்வுள்ள நேரியல் கணக்கு எதிலும் இத்தகைய தீர்வு ஒன்றாவது உண்டு என்பது கோல்ட்மன், டக்கர் 1956-இல் காட்டியது.

‘குறைந்தது’ கட்டுப்பாட்டுக்கு ‘மிகை’ போதும் என்பது என் கருத்து. 1945-இல் பொருளியலாளர் ஸ்டிக்ளர், குறைந்த செலவில் தேவையான சத்தைப் பெறப் போட்ட உணவுக் கணக்கில் 77 உணவுகள், 9 சத்துகள். ஒவ்வொரு சத்தும் இவ்வளவாவது இருக்க வேண்டும். தேவைக்கு மேல் கிடைத்த சத்து மிகை. மிகையுள்ள சத்துக்கு விலை சுழியம். (அவர் கையால் கண்ட ஆண்டுச் செலவு 39.93 டாலர். 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையால் கிடைத்தது 39.69. அதைக் கணக்கிட ஒன்பது பேரின் உழைப்பு, மொத்தம் 120 ஆள்-நாள்.)

மிகையில் மாணவர் தவறுவது வேறிடம். 2க + 3ங ≥ 12 என்பதில் மிகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் போலவே அதையும் தொடக்கத் தீர்வில் வைத்துவிடுகிறார்கள். க, ங இரண்டும் சுழியமானால் மிகை −12 ஆகிறது, அது கூடாது. அதனால்தான் ஒரு செயற்கை மாறியைக் கூட்டி அதை 12-இல் தொடங்குகிறோம். முடிவில் செயற்கை மாறி சுழியமாகாமல் நின்றால் கணக்குக்கு ஏற்புடைய தீர்வே இல்லை. அந்த நிலையில் கிடைத்த எண்களை விடையாக எழுதக் கூடாது. செயற்கை மாறி தீர்வில் தங்காதிருக்கக் குறிக்கோளில் அதற்குப் போடும் தண்டத்தொகையைக் கணினியில் கண்மண் தெரியாமல் பெரிதாக வைத்தால் மற்ற எண்களின் கடைசி இலக்கங்கள் அடிபட்டுப்போகும். முதலில் செயற்கை மாறியைச் சுழியமாக்கிவிட்டுப் பிறகு உண்மையான குறிக்கோளை எடுக்கும் இரண்டு கட்ட முறை அதைவிட நல்லது.

சென்னை, பட்டியல் தொகுப்பாளர்:

‘நிரப்பு’ பற்றிய என் வாதத்தை விட்டுவிடுகிறேன். 80 மணி எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பதிவு இப்படி:

மிச்சம், மிச்ச மாறி: ‘மிகாமல்’ கட்டுப்பாட்டில் வரம்பிலிருந்து பயன்பட்டதைக் கழித்தால் வருவது. எதிர்ம எண்ணாகாது. அலகு: அந்த வளத்தின் அலகு.

மிகை, மிகை மாறி: ‘குறையாமல்’ கட்டுப்பாட்டில் கிடைத்ததிலிருந்து தேவையைக் கழித்தால் வருவது. எதிர்ம எண்ணாகாது. தொடக்கத் தீர்வுக்குச் செயற்கை மாறி தேவைப்படும்.

நிழல் விலை: வரம்பு ஓர் அலகு கூடினால் குறிக்கோள் மாறும் அளவு. அலகு: வளத்தின் ஓர் அலகுக்கு ரூபாய். செல்லுபடியாகும் எல்லையோடு சேர்த்தே எழுத வேண்டும். மூலையில் தேவைக்கு மேற்பட்ட கோடுகள் சந்தித்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விலைகள் இருக்கலாம்.

மிச்ச-விலை விலக்கல்: மிச்சமும் விலையும் சேர்ந்து நேர் எண்களாக இரா, இரண்டும் சுழியமாகலாம். மிகைக்கும் இதே விதி.

தச்சுப்பட்டறைக் கணக்கு 60 மணி, 80 மணி இரண்டு நிலையிலும் எடுத்துக்காட்டாகச் சேர்கிறது. ‘டூயல்’ (நிழல் விலைகளையே மாறிகளாக வைத்து, மூலக் கணக்குக்கு இணையாக எழுதும் கணக்கு) என்பதற்கு இப்போது உள்ள ‘இருமம்’ இரும எண்ணோடு மோதுவதால் அதைத் தனி மடலில் எடுத்துக்கொள்வோம். ‘இணைக்கணக்கு’, ‘எதிரிணை’ என்ற இரண்டும் முன்மொழிவில் உள்ளன. வேறு சொல் வைத்திருப்பவர்கள், சமச்சீர் வடிவத்தில் ஒரு கணக்கையும் அதன் எதிரிணையையும் எழுதி, அந்தச் சொல்லை வைத்து விளக்கிக் காட்டி அனுப்புங்கள்.