முதியோர் குடியிருப்பில் வசந்தகாலச் செயல்பாடுகள்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். முதியோர் குடியிருப்பு ஒன்றில் செயல்பாடுகளை ஒருங்கிணைத்து வருகிறேன். குளிர்காலம் முழுவதும் அறைகளுக்குள் முடங்கியிருந்தவர்களை வசந்தகாலத்தில் வெளியே அழைத்து வருவதற்கு உங்கள் அனுபவம் எங்களுக்குத் தேவைப்படுகிறது.

பலரும் விரும்பிக் கேட்பது தோட்டவேலைதான். குனிய இயலாதவர்களுக்கு உயர்த்திக் கட்டிய பாத்திகள் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கோ, முழங்கால் உள்ளே நுழையுமாறு அடியில் இடைவெளி விட்ட மேசை வடிவப் பாத்திகளே பொருந்தும். ஆனால் அவற்றில் மண்ணின் ஆழம் குறைந்து ஈரம் விரைவில் வற்றிவிடுவதால், எந்தச் செடிகள் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் கூறுங்கள். மறதிநோய் உள்ளவர்களும் பங்கேற்பதால் நச்சுச் செடிகளை அறவே தவிர்க்கிறோம். (டாஃபடில் மலர் அழகானதுதான், அதன் கிழங்கை வெங்காயம் என்று எண்ணிவிடும் ஆபத்து உண்டு.)

பறவை நோக்கலிலும் ஒரு சிக்கல் உள்ளது. முதுமையில் உயர்சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போவதால், குரலைக் கொண்டு பறவையை அடையாளம் காண்பது பலருக்கு இயலாது. சன்னலருகே தீனித்தட்டு வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாட்களாவது உடல் சமநிலைக்கான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவற்றைத் திறந்தவெளியில் நடத்தும்போது, மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு என்ன மாற்று ஏற்பாடு செய்கிறீர்கள்?

குழந்தைகளுக்கான கைவினைப் பயிற்சிகளை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பாளர்கள் அவற்றை அவமதிப்பாகவே கருதுகிறார்கள்.